கதிரைக்குப் பின்னால் நிற்பவர்

எரிவாயுவை டீசலாக்கும் ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஆலை எப்படி ஓடுகிறது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குத் தடித்தடியாகப் புத்தகங்கள் தந்திருப்பார்கள். அவற்றை நீங்கள் தலையணையாகவும் பாவித்திருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் நீங்கள், மானிகளையெல்லாம் காட்டும் பெனலுக்கு முன்னால் இருக்கும்போது, என்றாவது ஒருநாள், உங்களோடு வேலை செய்யும் ஒருவர் சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்று நீங்கள் இருக்கும் கதிரையின் முதுகில் கையை வைப்பார். எங்கள் ஆட்கள் வேலை செய்யும் ஷிஃப்டுகளில் இன்றைக்கும் இந்தப் பழக்கம் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லையாம். அது கம்பனி போட்ட விதியல்ல. இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்புப் பக்கத்து ஆற்றங்கரையிலிருந்து போனது. போர் நடந்த காலத்தில், ஒரு கிழவரையும் ஒரு பெண்ணையும் ஒரு பிள்ளையையும் தேடிய ஒரு பகற்பொழுதில் தொடங்கியது.

அப்போது ஆலை புதிது. வளைகுடாவின் மணலுக்குள் இரும்பை நட்டுவைத்தது போல நின்றது. எங்கள் பக்கத்து ஆட்கள் கொஞ்சப் பேர் அதில் இருந்தோம். இந்தக் கதைக்கு மூன்று பேர் போதும். நான் கல்குடாக்காரன், மீன்பிடிக் குடும்பம். தவம் கிரானுக்கு மேற்கே, ஆற்றுக்கு அப்பால் இருந்த ஒரு வயற்கிராமத்தவன். ஹனீபா ஓட்டமாவடியைச் சேர்ந்தவன். ஊரில் கிரான்காரரும் ஓட்டமாவடிக்காரரும், தமிழரும் முஸ்லிம்களும், ஒருவரை ஒருவர் நம்பிப் பாதையில் நடந்த காலமல்ல அது. அங்கே மூவரும் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டோம். கறிக்கு உறைப்புக் காணாது என்று மட்டும்தான் சண்டை வந்தது.

நாங்கள் செய்யும் வேலையை ஊரில் விளங்கப்படுத்துவது பெரிய கரைச்சல். நிலத்துக்கு அடியிலிருந்து வரும் வாயுவைப் பிரித்து வேறு வாயுக்களாக்கி, அவற்றை ஒரு பெரிய கலத்துக்குள் மறுபடி சேர்த்தால் மெழுகு வரும். அந்த மெழுகை உடைத்தால் டீசல். வேறு விதமாகப் பக்குவப்படுத்தினால் எஞ்சின் ஒயிலுக்கு அடிப்படையாகும் எண்ணெய். இரண்டும் தண்ணீரைப் போல இருக்கும், மணமும் இராது. ஒரு போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து காட்டேன் என்று தம்பி கேட்டான். தண்ணீர் மாதிரி இருக்கிறது, மணம் இல்லை, ஆனால் எரியும் என்று சென்றியில் நிற்கிற ஆமிக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தவத்தின் ஊருக்கு அந்த நாட்களில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுபோவதற்கும் அனுமதி வேண்டும். கடல் போல டீசல் உண்டாக்கப்போகிற ஆலையில் மகன் வேலை செய்கிறான், வீட்டில் விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. இதைச் சொல்லி அவனே சிரிப்பான். எங்களுக்குச் சிரிப்பு வராது.

இனி வழக்கத்துக்கு வருகிறேன். ஆலை கட்டி முடிகிற நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன், சித்தாண்டிப் பக்கத்தான், வெளியே நீராவிக் குழாய் ஒன்றில் தேங்கிய தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தான். யாரோ அவசரப்பட்டு, அண்ணன் செத்துப்போன செய்தியை ஓடிவந்து அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள். அவன் வால்வைத் திறந்தபடியே விட்டுவிட்டு நடந்து போய்விட்டான். எங்கே போகிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பின்னால் வந்த ஒரு நேபாளக்காரரின் காலில் கொதிதண்ணீர் பாய்ந்து தோல் கழன்றுவிட்டது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு முடிவு எடுத்தோம். ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால், வேலையில் இருக்கிறவனுக்குச் சொல்லக் கூடாது. போனை யார் எடுத்தாலும் செய்தியைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். அவன் ஷிஃப்ட் முடிந்து, பஸ்ஸால் இறங்கி, கைகால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் சொல்ல வேண்டும். நாங்கள் இதற்குச் 'செய்தியைப் பிடித்து வைத்தல்' என்று சொல்வோம். ஊரில் இருக்கிறவர்களுக்கும் இது தெரியும். ஷிஃப்ட் நேரத்தில் ஒருவரும் ஆலைக்குப் போன் எடுக்கமாட்டார்கள். நல்ல பழக்கம்தான். அன்பினால் உண்டானது. எத்தனையோ பேரின் கையையும் காலையும் அது காப்பாற்றியிருக்கும்.

எங்கள் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் கேரளக்காரர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. கோபம் வந்தால் அவருடைய குரல் இன்னும் இறங்கும், அதனால்தான் எங்களுக்குப் பயம். ஆலையைத் தொடக்குவதற்காக வெளியிலிருந்து மெழுகு கொண்டுவந்து, உருக்கி, ஒரு கலத்தில் நிரப்பிக்கொண்டிருந்தோம். பெனலில் மட்டம் பாதிக்குச் சற்று மேலே காட்டியது. அழகாக, ஆடாமல் அசையாமல் நின்றது. நாங்கள் சந்தோஷமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் வந்து பார்த்தார். "இது ஏன் ஆடாமல் இருக்கிறது?" என்று கேட்டார். நல்லதுதானே சேர் என்றேன். நிரப்பிக்கொண்டிருக்கும் கலத்தின் மட்டம் எப்படி ஆடாமல் நிற்கும் என்று திருப்பிக் கேட்டார். நிரப்புவதை உடனே நிறுத்தச் சொன்னார்.

போய்ப் பார்த்தால், மட்டத்தை அளக்கும் மானிக்குப் போகும் சிறிய குழாயைச் சூடாக வைத்திருக்கும் நீராவி நின்றுபோயிருந்தது. குளிர்காலக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உறைவது போல, அந்தக் குழாய்க்குள் மெழுகு உறைந்திருந்தது. மானி கடைசியாக எதை உணர்ந்ததோ அதையே காட்டிக்கொண்டு நின்றது. கலமோ வாய்விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால், கொதிக்கும் மெழுகு கீழே வேலை செய்தவர்களின் தலையில் கொட்டியிருக்கும்.

அவர் ஏசவில்லை. "பொய் சொல்லும் மானியைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும் மானிதான் ஆளைக் கொல்லும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது அப்போது வேலைக்கான புத்திமதியாகத்தான் பட்டது.

அதன்பிறகு என் மனைவிக்குப் பிள்ளைப்பேறு என்று நான் லீவில் ஊருக்கு வந்தேன். ஆலையில் முதற்தடவை வாயுவை உள்ளே விடும் நாட்கள் நெருங்கியிருந்தன. அந்த நேரத்தில் லீவு கேட்டதற்கு மேற்பார்வையாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் தந்தார். எங்களுக்கு மகன் பிறந்தான். அவனுடைய அழுகைக்கும் ஷெல் சத்தத்துக்கும் நடுவில்தான் நாங்கள் நித்திரை கொண்டோம். மேற்கே, ஆற்றுக்கு அப்பால், சண்டை தொடங்கிவிட்டது.

ஒருநாள் காலை, அங்கிருந்த சனம் முழுவதும் ஆற்றைக் கடந்து வருகிறது என்று கேள்விப்பட்டு கிரானுக்குச் சைக்கிளில் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கியிருந்தார்கள். பாய், கோழி, சட்டி, பிள்ளைகள், எல்லாம் ஒரே குவியல். நான் தவத்தின் மனைவி செல்வியையும் சின்ன மகளையும் தேடினேன். வகுப்பு வகுப்பாகப் பார்த்தேன். காணவில்லை. தவத்தின் அடுத்த வீட்டு வளவுக்காரி ஒரு மரத்தடியில் இருந்தாள். என்னைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டாள்.

"எங்களோட ஆத்தடி வரைக்கும் வந்தாள், அண்ண. மாமன் வரல்ல எண்டு கண்டுட்டு, பிள்ளையையும் இடுப்பில வெச்சிக்கிட்டுத் திரும்பிட்டாள். நான் எவ்வளவோ கத்தினன். கேக்கல்ல."

மாமன் என்றது தவத்தின் தகப்பனை. அவர் எருமைப் பட்டி வைத்திருந்தவர். வீட்டில் இருப்பதைவிட வட்டைக்குள், வயல்வெளியில், வாடி என்கிற சின்னக் குடிசை போட்டு மாட்டோடு இருப்பதுதான் அதிகம். பருவத்துக்குப் பருவம் வாடியையும் மாற்றிவிடுவார். இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஒருவர் ஆற்றோரம் என்றார், ஒருவர் குளத்துப் பக்கம் என்றார், இன்னொருவர் காட்டோரம் என்று கையை நீட்டினார். வயலென்றால் ஒன்றா இரண்டா, கண்ணுக்கெட்டிய தூரம் வட்டைதான்.

வயதானவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிவர அனுமதி பெற்ற சில மெசின்கள், உழவு மெசின்களைத்தான் சொல்கிறேன், பெட்டி கொழுவிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தன. பின்னேரத்தோடு பாதையை மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு மெசினின் சாரதியை எனக்குத் தெரியும். ஹனீபாவின் மூத்த அண்ணன், நாங்களும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பக்கத்து நெல்லையெல்லாம் வருடக்கணக்காக ஏற்றி இறக்கிய மனிதர். அவருடைய ஆட்கள் போகாதே என்று தடுத்தும் வந்திருந்தார்.

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். அடியில் கொஞ்சம்தான் நனைந்திருந்தது.

"இதுக்கு மேல ஒரு சொட்டும் தர மாட்டாங்க, தம்பி. ஒரு இடத்துக்குப் போய்த் திரும்பி வரலாம். தேடித் திரிய ஏலாது. இடத்தச் சொல்லுங்க, நான் போறன். தெரியாமப் போனா நானும் அங்கதான் நிக்கணும்."

இடம் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் அந்த நேரம் கடலுக்கு அப்பால், ஆலையில், பெனலுக்கு முன்னால் இருந்தான். முதல்நாள் ஹனீபா தன் வீட்டாரோடு கதைத்தபோது, இன்றைக்கு வாயுவை விடுகிறார்கள், தவம்தான் பெனலில் என்று சொல்லியிருந்தானாம், காக்காதான் சொன்னார்.

ஓட்டமாவடியில், வெளிநாட்டுக்குப் போன் பேசும் ஒரு கொம்யூனிகேஷன் கடைக்குச் சைக்கிளை மிதித்தேன். மிதிக்கும்போது என் மனதில் ஓடியதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதன்முதலாக வாயு உள்ளே போகும்போது அந்தக் கலம் சூடாகத் தொடங்கும். சூடு ஏற ஏற உள்ளே நடப்பதும் வேகமாகும், வேகமாக நடந்தால் சூடு இன்னும் ஏறும். அதைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி ஏற்றுவதுதான் பெனல்காரனின் வேலை. கலத்தைச் சுற்றி எங்கள் ஆட்களே நிற்பார்கள். குழாய்களுக்குள் மூச்சை நிறுத்திவிடும் நச்சுவாயு. சித்தாண்டித் தம்பி திறந்துவிட்டுப் போனது ஒரு சின்ன வால்வு. தவத்தின் கை நடுங்கினால் நடப்பது அத்தோடு நிற்காது. செய்தியைப் பிடித்து வை என்று வழக்கம் சொன்னது. அந்த வழக்கத்தை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

பிடித்து வைத்தால், அவன் மாலையில் பஸ்ஸால் இறங்கி, கைகழுவி, சாப்பிட்டுவிட்டுக் கேட்பான். அதற்குள் பாதை மூடிவிடும். அதுவரை அவனுடைய மனதில் மனைவியும் பிள்ளையும் வீட்டில் நன்றாக இருப்பார்கள், மானியில் மட்டம் நன்றாக நின்றது போல. அந்த உறைந்த குழாய் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்பினாலோ கவலையீனத்தினாலோ, எதனால் அடைத்தாலும் அடைப்பு அடைப்புத்தான். கலம் நிரம்பிக்கொண்டிருக்கிறது, பார்க்கவேண்டியவனுக்குத் தெரியவில்லை.

ஆகவே சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி எனக்கு முடிந்துபோனது. எதை முதலில் செய்வது என்பதுதான் மிச்சம். கடை வாசலில் சைக்கிளைப் போட்டபோது அதற்கும் விடை கிடைத்துவிட்டது. கதிரைக்கு ஆள் வேண்டும். பிறகுதான் செய்தி.

கட்டுப்பாட்டு அறையின் இலக்கம் எனக்கு மனப்பாடம். மேற்பார்வையாளர்தான் எடுத்தார். என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் வழக்கம் அவருக்கும் தெரியும்.

"யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"தெரியாது சேர். தெரியாததாலதான் எடுத்தன். தவத்தோட கதைக்கணும்."

"இப்ப சூடு ஏறிட்டிருக்கு. அப்புறம் எடு."

"பின்னேரத்துக்குப் பிறகு எடுத்துப் பிரயோசனமில்ல, சேர். அவனுக்குத் தெரிஞ்ச ஒரு இடம் வேணும். பொண்டாட்டியையும் பிள்ளையையும் தேடணும். முதல்ல ஹனீபாவ அவன்ட கதிரையில இருத்துங்க. பிறகு தாங்க."

ஹனீபாவின் பகுதிக்கு மெழுகு வந்தால்தான் வேலை. அதனால் அவன் பக்கத்து மேசையில் சும்மா இருப்பான் என்று எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர் ஒரு மூச்சு விட்டார். அந்த மனிதர் நினைத்திருந்தால் லைனை வெட்டியிருக்கலாம். அன்றைய நாளுக்காகப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்பார்கள். அவர் வெட்டவில்லை. ரிசீவரை மேசையில் வைத்த சத்தம் கேட்டது.

நான் இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். "ஹனீபா, தவத்துக்குப் பின்னால போய் நில்லு" என்றார். கதிரை நகர்ந்தது. பிறகு தவத்தின் குரல். அவனுக்கு விளங்கிவிட்டது. ஷிஃப்ட் நேரத்தில் எங்களுக்குப் போன் வந்தால் அது எதற்காக என்று அங்கே ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் எழும்பி ஓடிவரவில்லை.

"சூடு ஏறிக்கிட்டிரிக்கி, மெதுவாத்தான். நீராவிக் கலத்தில மட்டம் நல்லம், ஆடுது. வெளியில ரெண்டு பேர் நிக்காங்க, அவங்க இறங்கும் வரைக்கும் ஒண்டையும் மாத்தாத. வாயுவக் கூட்டச் சொல்லிக் கேப்பாங்க. கூட்டாத."

"எனக்கிட்ட இரிக்கி" என்றான் ஹனீபா. பொறுப்பை எடுத்துக்கொண்டேன் என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல் அதுதான்.

அதற்குப் பிறகுதான் தவம் ரிசீவரை எடுத்தான். குரல் மாறியிருந்தது.

"அண்ண, ஆரு?"

"செல்வியும் பிள்ளையும் ஆத்தக் கடக்கல்ல, தவம். அப்பாவக் கூட்டிவரத் திரும்பிப் போயிட்டா. அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணல்ல."

"உசிரோட இரிக்காங்களா?"

தம்பிமாரே, என் வாழ்க்கையில் எவ்வளவோ பெனல்களுக்கு முன்னால் இருந்திருக்கிறேன். அதைவிடப் பயந்த நேரம் இல்லை. ஓம் என்று சொல்லலாம். அவன் கொஞ்சம் ஆறுவான். ஆறினால் நன்றாக யோசிப்பான் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லலாம். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"தெரியா" என்றேன். "தெரிஞ்சா மறைக்க மாட்டன். காக்காட மெசின் நிக்கி. ஒரு இடத்துக்குப் போய்வரத்தான் எண்ணெய் இரிக்கி. ஒரே ஒரு இடம். அப்பா எங்க இரிப்பார்?"

அவன் அழவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். கிரானில் ஆட்கள் சொன்ன மூன்று இடங்களையும் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கழித்தான்.

"ஆத்தோரம் இப்ப தண்ணி. குளத்து வாடி போன வருசத்தது. காட்டோரந்தான் இப்ப வாடி. ஆனா ஷெல் விழுந்தா அப்பா வாடியில இரிக்க மாட்டார், அண்ண. பட்டிய விட்டுட்டு வரவும் மாட்டார். பழைய குளம் ஒண்டு உடைஞ்சு கிடக்கு, காட்டோரத்துக்கு இஞ்சால. கட்டுக்குள்ள கல்லால கட்டின மதகு இரிக்கி. முந்தி இடம்பெயர்ந்தப்ப எங்களையெல்லாம் அதுக்குள்ளதான் வெச்சிருந்தார். செல்விக்கும் அது தெரியும். மதகடிக்குப் போகச் சொல்லுங்க. வேற ஒரு இடத்துக்கும் போக வேணாம்."

"விளங்கினா உடன போங்க, நிக்காதீங்க" என்றும் சொன்னான். எனக்கு ஆறுதல் சொல்ல நேரமும் தரவில்லை.

கிரானுக்குத் திரும்பி மிதித்தேன். காக்காவுக்கு அந்த உடைந்த குளம் தெரியும். நானும் வருகிறேன் என்றேன். "பிள்ள பிறந்த வீடு, நீங்க நில்லுங்க. ஆளும் பாரந்தான், எண்ணெய் குடிக்கும்" என்று சொல்லிவிட்டு மெசினை எடுத்தார். வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே போனார். நான் ஆற்றடியில் நின்றேன். அங்கே நிற்பதைத் தவிர வேறு ஒரு வேலையும் எனக்கு இல்லை. ஷெல் விழும் ஒவ்வொரு முறையும் அது காட்டோரமா, இஞ்சால இந்தப் பக்கமா என்று காது பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கி, தடுப்பை இழுத்து மூட ஆட்கள் வந்து நின்ற நேரத்தில்தான் மெசின் சத்தம் கேட்டது. பெட்டிக்குள் செல்வி இருந்தாள். மடியில் பிள்ளை நித்திரை. பக்கத்தில் சாரத்தால் மூடிக் கிழவர் கிடந்தார்.

மதகடியில்தான் இருந்தார்களாம். செல்வி போனபோதே அவருக்கு வயிற்றில் ஷெல் துண்டு பட்டிருந்தது. அவரை இழுத்து மதகுக்குள் கிடத்தியது அவள்தான். மத்தியானம்போல உயிர் போயிருக்கிறது. அதற்குப் பிறகும் அவள் எழும்பவில்லை. மாமனைத் தனியே நரிக்குப் போட்டுவிட்டு வர மாட்டேன் என்று பிள்ளையோடு அங்கேயே இருந்துவிட்டாள். மெசின் போகாவிட்டால் இரவும் அங்கேதான் இருந்திருப்பாள். அடுத்த நாள் அந்தக் காட்டோரம் என்ன பாடுபட்டது என்பதை நாங்கள் எல்லோரும் பிறகு அறிந்தோம்.

கொம்யூனிகேஷன் கடைக்கு அவளையும் பிள்ளையையும் கூட்டிப் போனேன். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு ரிசீவரை வாங்கினாள்.

"மாமா இல்ல" என்றாள். "நானும் பிள்ளையும் இரிக்கம்."

அந்தப் பக்கத்தில் என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது. பிறகு பிள்ளையிடம் கொடுத்தாள். பிள்ளை, "மாடெல்லாம் அங்கயே நிக்கிதுகள் அப்பா" என்று சொன்னது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது.

கடைசியில் தவம் என்னைக் கேட்டான். ஒரே ஒரு விசயம்தான் சொன்னான்.

"அண்ண, இனிமே எனக்கு ஒண்டையும் பிடிச்சு வைக்காதீங்க."

அன்று மேற்பார்வையாளர் அவனை மறுபடி பெனலில் இருக்க விடவில்லை. அனுப்பிவிடவும் இல்லை. தன் அறையில் தன் கதிரையில் இருத்தி, தேநீர் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாராம். ஹனீபாதான் ஷிஃப்ட் முடியும்வரை சூட்டை ஏற்றினான். வாயுவைக் கூட்டச் சொல்லி வெளியே நின்ற பெரிய ஆட்கள் ஆள்மாறி ஆள் கேட்டார்களாம். அவன் கூட்டவில்லை. முதல் மெழுகு அடுத்த ஷிஃப்டில்தான் வந்தது. வெள்ளையாக, மணமில்லாமல். படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் அந்தப் படத்தில் இல்லை.

நான் லீவு முடிந்து போனபோது எங்களுக்குள் பழைய வழக்கம் இல்லாமல் போயிருந்தது. கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை. செய்தி வந்தால், வந்த உடனே ஒருவன் எழும்பிப் போய், சம்பந்தப்பட்டவனின் கதிரைக்குப் பின்னால் நின்று முதுகில் கையை வைப்பான். இருப்பவன் பெனலைச் சொல்லி ஒப்படைப்பான். நிற்பவன் எனக்கிட்ட இரிக்கி என்பான். அதற்குப் பிறகு, தெரிந்தது தெரிந்தபடி, தெரியாதது தெரியாது என்றபடி, ஒன்றையும் குறைக்காமல் சொல்லப்படும். வெளியே நிற்கும் ஆளென்றாலும் அப்படித்தான். முதலில் வால்வை இன்னொரு கை பிடிக்க வேண்டும். பழைய வழக்கமும் புது வழக்கமும் ஒரே பயத்திலிருந்து வந்தவைதான். முந்தியது செய்தியை மறைத்து ஆளைக் காப்பாற்றப் பார்த்தது. மற்றது கதிரைக்கு ஆள் வைத்துக் காப்பாற்றியது.

போர் முடியும் தறுவாயில் ஒருநாள் நான் பெனலில் இருந்தேன். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அடிப்படை எண்ணெய்ப் பகுதியில் வெப்பத்தைச் சற்றே குறைத்துக்கொண்டிருந்தேன். கதிரையின் முதுகு மெதுவாக அசைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கையின் கனத்திலிருந்தே அது தவம் என்று தெரிந்தது.

ஊரில் எனக்கு வயதான தாய், மனைவி, மூன்று பிள்ளைகள், கடலுக்குப் போகும் தம்பி. அத்தனை முகமும் ஒரேயடியாக வந்து நின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, இது இல்லை, இது இல்லை என்று கெஞ்சிக்கொண்டே பெனலைச் சொன்னேன். எந்தக் குழாய், எவ்வளவு சூடு, எதைத் தொடக் கூடாது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஒன்றைப் பிழையாகச் சொல்லித் திருத்தினேன். தவம் பொறுமையாக நின்றான். எல்லாம் முடிந்த பிறகு, "எனக்கிட்ட இரிக்கி, அண்ண" என்றான்.

நான் எழும்பினேன். அவன் கதிரையில் இருந்து, கண்ணைப் பெனலில் வைத்தபடியே சொன்னான்.

"தம்பிட தோணி கல்குடாவில கரையேறியிரிக்கி. தம்பிய இன்னும் காணல்ல. உசிரோட இரிக்காரா எண்டு தெரியா. போய்க் கதைங்க, லைன் காத்துக்கிட்டிரிக்கி. அவர் எந்தப் பக்கம் வலை போடுவார் எண்டு உங்களத்தான் கேக்காங்க."

நான் போய்ச் சொன்னேன். தம்பி கிடைத்தான், ஆனால் உயிரோடு இல்லை. நான் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். அதனால் எங்கள் அம்மாவால் அவனுடைய முகத்தைப் பார்க்க முடிந்தது. பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டுக் காலமெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரை எங்கள் கரையில் நான் கண்டிருக்கிறேன். என் தாய்க்கு அந்த விதி வராமல் போனது, தவம் அன்று ஷிஃப்ட் முடியும்வரை பொறுக்காததால்தான்.

நீங்கள் வேலை செய்யும் காலம் வேறு. உங்கள் சட்டைப் பைக்குள்ளேயே போன் இருக்கிறது, சண்டையும் இல்லை. ஆனாலும் செய்திகள் வரும், வராமல் இராது. அந்த நாளில் கதிரையின் முதுகில் ஒரு கை விழும். பெனலைச் சொல்லி ஒப்படையுங்கள். எனக்கிட்ட இரிக்கி என்று காதில் விழட்டும். பிறகு எழும்பித் திரும்பிப் பாருங்கள்.